சாப்பிட்டதும் வலி: கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத குடல்

கேள்வி: "எங்கள் அப்பாவுக்கு 64 வயது. கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் உழைத்தவர். 6 மாதமாக, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தொப்புளைச் சுற்றி வலி வந்துவிடுகிறது. 2 மணி நேரம் முடங்கிப் படுத்துக் கிடந்தால்தான் அடங்குகிறது. அல்சர் மாத்திரை 3 மாதம் சாப்பிட்டாகிவிட்டது. குழாய் விட்டுப் பார்த்ததில் புண் இல்லை என்றார்கள். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. இப்போது சோற்றுத் தட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்கிறார். 70 கிலோ இருந்தவர் 58-க்கு வந்துவிட்டார். 40 வருஷமாக பீடி உண்டு. சர்க்கரையும் உண்டு. மனசுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இது பயிர்க் கேள்வி இல்லைதான் ஐயா, ஆனாலும் கேட்கிறேன்."

- ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: பயிர்க் கேள்வி இல்லையே என்று இந்த வாசகி தயங்க வேண்டியதே இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் தினமும் ஆள் நின்றால்தான் கொடி நிற்கும். அந்த ஆளே படுத்துவிட்டால் அதுவும் வேளாண்மைக் கேள்விதான்.

கடிதத்தில் நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சாப்பிட்டு அரை மணியில், சொல்லிவைத்தாற்போல் வரும் வலி. சாப்பாட்டைக் கண்டு பயம். 12 கிலோ எடைக் குறைவு. 40 வருஷ பீடியோடு சர்க்கரை. இவற்றைத் தனித்தனியாகச் சொன்னால் வலிக்கு அல்சர் மாத்திரை, சாப்பிடாததற்கு டானிக், எடைக் குறைவுக்குச் சர்க்கரை நோய் என்று மூன்று இடத்தில் மூன்று பதில் கிடைக்கும். ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னால், மருத்துவருக்கு இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கியிருக்குமோ என்பது அது. மருத்துவ மொழியில் இதற்கு 'மெசென்டெரிக் இஸ்கீமியா' என்று பெயர். 'வயிற்று ஆஞ்சைனா' என்றும் சொல்வார்கள். கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் இதற்கான பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை என்பது மட்டும் கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆத்தூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிந்து கடற்கரைப் பக்கத்துக் குளங்கள்வரை தண்ணீர் கொண்டுவருகின்றன. அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கிற நாளில் கால்வாயில் முழங்காலளவு ஓடினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. நடவு தொடங்கிய அன்றைக்குத்தான் தூர்ந்துபோன கால்வாயின் குறை வெளியே வரும். தலைமடை நனையும், கடைமடை காயும். கால்வாய் அன்றைக்குத் தூர்ந்ததில்லை. பல வருஷமாக வண்டல் ஏறிக்கொண்டிருந்தது, தேவை கூடிய அன்று தெரிந்தது, அவ்வளவுதான்.

உடம்பிலும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டதும் செரிமான வேலைக்காகக் குடலுக்கு இன்னும் நிறைய ரத்தம் வேண்டும். சிறுகுடலுக்குப் போகும் குழாயில் ஓட்டம் இரண்டு மடங்காகக்கூட உயரும். குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகியிருந்தால் அந்தக் கூடுதல் ரத்தம் வராது. குடல் தசை பட்டினியில் வேலை செய்கிறது, வலிக்கிறது. செரிமானம் முடிந்ததும் தேவை குறைகிறது, வலியும் விடுகிறது. மேடு ஏறினால் நெஞ்சு வலித்து, நின்றால் விட்டுவிடும் இதய நோயாளியை ஊரில் பார்த்திருப்பீர்கள். இதயத்துக்கு மேடு எப்படியோ, குடலுக்குச் சாப்பாடு அப்படி.

வயிற்றுக்குள் பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. நடுக் கிளை சிறுகுடல் முழுவதுக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும். கீழ்க் கிளை பெருங்குடலின் பிற்பகுதிக்கு. இந்த மூன்றுக்கும் இடையே குறுக்கு ஓடைகள் இருக்கின்றன. அதனால் ஒன்று அடைத்தால் மற்றது ஈடுகொடுக்கும். பெரும்பாலும் இரண்டு கிளைகளாவது நன்றாகச் சுருங்கிய பிறகுதான் வலி என்று ஒன்று தெரிகிறது. ஆக, வலி 6 மாதம் என்றால் அடைப்பின் வயது அதைவிட மிக அதிகம்.

சாப்பாடு வேண்டாம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பசியே இல்லாமல் வேண்டாம் என்பது வேறு. பசியோடு உட்கார்ந்து, வலியை நினைத்துத் தட்டைத் தள்ளிவைப்பது வேறு. "அப்பா, பசிக்கலியா, இல்ல வலிக்குமோன்னு பயமா?" என்று மகள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். பயம்தான் என்று அவர் சொன்னால், அந்த ஒரு வரி மருத்துவருக்கு ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம். இரண்டு கவளம் சாப்பிட்டால் கொஞ்சம் வலி, வயிறார விருந்து சாப்பிட்டால் கடும் வலி என்று அளவுக்குத் தக்கபடி வலி கூடுவதும் கவனிக்க வேண்டியது. மனசுதான் காரணம் என்ற சொந்தக்காரர்களின் தீர்ப்பை ஓரமாக வைத்துவிடலாம். மனக்கவலையில் 12 கிலோ போகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

குழாய் விட்டுப் பார்த்தும் ஏன் தெரியவில்லை? எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உள்பக்கத்தைக் காட்டும். வெளியிலிருந்து வரும் ரத்தக்குழாயைக் காட்டாது. சாதாரண வயிற்று ஸ்கேன் பித்தப்பைக் கல், ஈரல், சிறுநீரகத்தைப் பார்க்கும். அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டால் நோயாளியே தன் வலியைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். இருந்தாலும் அந்தப் பரிசோதனைகள் வீண் என்று நினைக்கக் கூடாது. குடல் ரத்தக்குழாய் அடைப்பு அபூர்வமான நோய். சாப்பிட்டதும் வரும் வலிக்கு இரைப்பைப் புண், பித்தப்பைக் கல், கணையப் பாதிப்பு ஆகியவையே அடிக்கடி காரணமாக இருக்கும். எடையும் சேர்ந்து குறைந்தால் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் பார்த்தே ஆக வேண்டும். முன்சிறுகுடல் புண் என்றால் பெரும்பாலும் வெறும் வயிற்றில் வலித்து, சாப்பிட்டால் தணியும். பித்தப்பை வலி எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். பெரியவரின் வலி இரண்டிலும் சேரவில்லை.

இந்த வலியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 1936-லேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த டன்ஃபி என்ற அறுவை மருத்துவர், குடலுக்கு ரத்தம் நின்று குடல் அழுகி இறந்த 12 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். அவர்களில் 7 பேர் இறப்பதற்கு முன்பே, சிலர் வாரக் கணக்கில், சிலர் வருஷக் கணக்கில், வயிற்று வலி என்று சொல்லியிருந்தார்கள். அப்போது சிகிச்சை கிடையாது. 1958-ல்தான் அந்தக் குழாயைத் திறந்து அடைப்பை எடுக்கும் அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது. 1980-ல் பலூன் வைத்து விரிக்கும் முறை வந்தது. இன்றைக்கு வழி இருக்கிறது. நோயை நினைத்துப் பார்ப்பதில்தான் தாமதம்.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதட்டும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், வலி எப்போது தொடங்கியது, எப்போது விட்டது. உரக்கடைத் தராசானாலும் சரி, ஒரே தராசில் ஒரு தடவை எடை. எழுதி முடிக்கும்வரை மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதில்லை, கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகலாம். பழைய எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் தாள்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம் பையில் இருக்க வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது வசதியோ அங்கே பொது மருத்துவப் பிரிவிலோ அறுவை சிகிச்சைப் பிரிவிலோ காட்டலாம். அங்கே கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ஐயா, குடலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்குமா, அதைப் பார்த்துவிடலாமா?"

ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ஒரு வழி. வாயு நிறைந்த வயிற்றில் அது சில நேரம் சரியாகத் தெரியாது. சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் மூன்று கிளைகளையும் தெளிவாகக் காட்டிவிடும். சாயமருந்துக்கு முன்பு சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றை நிறுத்தச் சொல்லலாம் என்பதால் பெயரைச் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை வாங்கிவைத்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோகட்டும். எந்தச் சிகிச்சை திட்டத்தில் வரும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய ரத்தநாளச் சிகிச்சை தேவைப்பட்டு மேலே அனுப்பினால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

அடைப்பு உறுதியானால், தொடை அல்லது கை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பார்கள். அது முடியாத இடத்தில் அறுவை சிகிச்சை செய்து மாற்றுப்பாதை அமைப்பார்கள். ஓட்டம் திரும்பினால் வலி விடுகிறது, ஆள் சாப்பிடுகிறார், எடை ஏறுகிறது. ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கவும் கூடும் என்பதால் கூப்பிட்ட நாளில் போய்க் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்தக் கூடாது. அதுவரை ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடாமல், கஞ்சி, இட்லி, முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 தடவை கொடுக்கலாம். சாப்பிடாமலே கிடந்தால் வலி இல்லை என்பதற்காகப் பட்டினி போட வேண்டாம். மெலிந்த உடம்பு எந்தச் சிகிச்சையையும் தாங்காது.

பீடியைப் பற்றி அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். குழாயைத் தூர்க்கும் முக்கியமான வண்டல் அதுதான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வெற்றிலை ஊரில் இதைச் சொல்வது கசக்கும், ஆனாலும் வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போட்டால் அதுவும் நல்லதில்லை. குடல் தட்டுவது, தொக்கம் எடுப்பது, வயிற்றை நீவிவிடுவது எல்லாம் இந்தப் பக்கத்தில் வழக்கம். குழாய் அடைப்பை எந்தக் கையாலும் நீவி எடுக்க முடியாது. நாள்தான் போகும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். இல்லாத அல்சரையும் அது உண்டாக்கிவிடும்.

அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சுருங்கிய குழாயில் ஒரு நாள் ரத்தம் உறைந்து முழுவதும் அடைத்துவிட்டால், திடீரென்று தாங்க முடியாத வலி வரும். ஆள் துடிப்பார். தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கும். வாந்தியும், பிறகு மலத்தில் ரத்தமும் வரலாம். 'தொட்டால் வலிக்கவில்லையே, வாயுவாக இருக்கும்' என்று விடியும்வரை காத்திருந்தால் குடல் செத்துவிடும். சில மணி நேரம்தான் அவகாசம். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு, முன்வலி எதுவும் இல்லாமலே இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போய் இப்படி அடைப்பதும் உண்டு.

பெண்களுக்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது. மேல்நாட்டு மருத்துவமனைக் கணக்குகளில் இந்த நோயாளிகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பீடியே தொடாத இளம்பெண்ணுக்கும், 'தகயாசு' என்ற ரத்தக்குழாய் அழற்சியால் இப்படி ஆகலாம். ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கைக்கும் ரத்த அழுத்தம் மிகவும் வித்தியாசப்படுகிறது என்று செவிலியர் சொன்னால் அதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: "உப்பளத்தில் வாருகிற வேலை. வெயில் ஏறின பிறகு சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. வீட்டில் இருக்கிற நாளில் ஒன்றும் இல்லை. எனக்கு வயது 38. பயப்பட வேண்டுமா?"

- முத்தையாபுரத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: வீட்டில் இருக்கிற நாளில் வராது என்பது நல்ல செய்தி. இது அடைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. உடம்பு, இருக்கிற ரத்தத்தை முறைவைத்துத்தான் பகிர்கிறது. கொளுத்தும் வெயிலில் உழைக்கும்போது சூட்டை வெளியேற்றத் தோலுக்கும், வேலைக்காகத் தசைக்கும் ரத்தம் திரும்பிவிடும். குடலின் பங்கு குறையும். இந்த நேரத்தில் ஒரு தூக்குச்சட்டிச் சோற்றை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே வாருகோலைப் பிடித்தால் வயிறு பிடிக்கத்தான் செய்யும். வியர்வையில் தண்ணீர் போய் ரத்தத்தின் அளவே குறைந்திருந்தால் இன்னும் மோசம்.

இதே முறைவைப்பு கடலுக்குள்ளும் நடக்கிறது. மூச்சை அடக்கி முங்கும்போது இதயத் துடிப்பு மெதுவாகி, கை, கால், குடலுக்குப் போகும் குழாய்கள் இறுகி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுங்குகிறது. தூத்துக்குடிப் பார்களில் 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்புவரை, கல்லைப் பிடித்து இறங்கிய ஒவ்வொரு குளிகாரரின் உடம்பும் ஒரு நாளில் பல தடவை இதைச் செய்திருக்கும். ஆரோக்கியமான குழாய் அதைத் தாங்கும், மேலே வந்ததும் திறந்துகொள்ளும்.

வாசகி செய்யக்கூடியது எளிது. விடியும் முன்பே வேலை தொடங்கும் உப்பளத்தில், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு பங்கும் வேலை முடிந்து நிழலில் ஆறிய பிறகு மறு பங்கும் சாப்பிடலாம். அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். நீராகாரமும் மோரும் நல்லது. கழிப்பறை இல்லை என்பதால் உப்பளப் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் இருப்பது ஊருக்கே தெரியும். தாகத்தை அடக்கச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது, கழிப்பறை கட்டிக்கொடுக்க முடியும். இதைச் சங்கத்தின் மூலம் கேட்க வேண்டும். ஓய்வு நாளிலும் சாப்பிட்டதும் வலி வரத் தொடங்கினால், அல்லது எடை குறைந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன வழியிலேயே போகட்டும்.

கேள்வி: "ஆடு மாட்டுக்கும் இப்படிக் குடலுக்கு ரத்தம் நின்று வலி வருமா?"

- விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: மனிதருக்கு வருவதுபோலக் கொழுப்பு படிந்து அடைப்பது கால்நடைகளில் பெரிதாகக் கிடையாது. இந்தக் குழாய் விஷயத்தில் பேர்போனது குதிரைதான். குடலில் வாழும் ஒரு வகை உருண்டைப்புழுவின் குட்டிகள் குதிரையின் குடல் தமனிக்குள்ளேயே குடியேறி, சுவரைத் தடிக்கவைத்து, ரத்தத்தை உறையவைத்து, கடும் வயிற்று வலியை உண்டாக்கும். குடற்புழு மருந்து முறையாகக் கொடுக்கும் இடங்களில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் துறைமுகம் இதே கடற்கரைதான். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் குதிரைகள் நிறையச் செத்துப்போவதாக எழுதினார்.

ஆட்டுக்கு வருவது வேறு. மழை பெய்து இளம்புல் தழைத்ததும் வயிறு முட்ட மேய்ந்த ஆடு, நல்ல கொழுத்த குட்டியாகப் பார்த்து, திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் அது துள்ளுமாரி. குடலில் பெருகும் கிருமியின் நஞ்சு ரத்தக்குழாய்களைக் கெடுப்பதால் வருவது. வந்த பிறகு மருந்து கொடுக்க நேரம் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்குப் பிறகு முதல் சில நாள், காய்ந்த தீவனம் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் காலையில் தாமதமாக மேய்ச்சலுக்கு ஓட்டலாம். மாடு தீனி தின்ற பிறகு முதுகை வளைத்து முனகினால் கம்பி, ஆணி ஏதாவது விழுங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டைக்கட்டு அவிழ்த்த கம்பித் துண்டுகளைத் தொழுவத்தில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.